ஆறு ஐப்பசி பார்த்த குட்டி கிரேன்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மாடல் ரயில் ஓடுகிறது. 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். கொள்ளுத்தாத்தா ரயில்வே பணிமனையில் பிட்டர். 1928-ல் அந்தப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது அவரும் கூடவே போனார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கிரேன் இல்லாத சரக்கு யார்டு யார்டாகவே தோன்றாது. அதனால் ஆறு வருஷத்துக்கு முன் பழைய சாமானாக ஒரு மோட்டார் கிரேனை வாங்கினேன். 12 வோல்ட் டிசி. உள்ளே இரண்டு மோட்டார். ஒன்று கேபினைச் சுற்றும், இன்னொன்று கொக்கியை ஏற்றி இறக்கும்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது ஐப்பசியில் அடைமழை பிடித்த வாரம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிரேன் திரும்பும்போது பாதி வழியில் கொக்கி நின்றுவிட்டது. கையால் கேபினைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி ஏறும். மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்து, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி நேராக பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. வர்ற வழியில பாருங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் வழி காட்டியது. கேபின் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதற்கு நேராக ஒயர் கொடுக்க முடியாது. அடியில் செம்பு வளையங்கள், அவற்றின் மேல் உரசும் பித்தளை விரல்கள், இவை வழியாகத்தான் மின்சாரம் மேலே போகிறது. மல்டிமீட்டரை வைத்தால் கேபினுக்குள் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. ஒரு நாள் முழுக்க இதில் குழம்பினேன். அப்புறம் மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே அளந்தேன். அந்த இடம் வந்ததும் 12 சட்டென்று 4 ஆனது! மீட்டர் இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு, அழுக்கு வழியாகவும் அது போய்விடும். மோட்டார் கேட்பது அதிகம். அதனால் சுமையோடு அளந்தால்தான் இந்தக் குறை தெரியும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வளையத்தில் ஒரு அரிசி நீளத்துக்குக் கருப்புப் படலம். உப்புத் தாளால் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அதில்தான் அழுக்கு முதலில் சேரும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். விரல்களை ஒரு மயிரிழை வளைத்து அழுத்தம் கூட்டினேன். அவ்வளவுதான். இப்போது மழைக்கு முன் ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஒரு தடவை இதைச் செய்கிறேன். பத்து நிமிஷ வேலை.

நாலாவது வருஷம் வேறு சங்கதி. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கொக்கி அசையவில்லை. தண்டில் இறுக்கிப் பொருத்திய நைலான் பல்சக்கரம் விரிந்துவிட்டிருந்தது. பசை போட்டு ஒட்டினேன், ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அதே பல் எண்ணிக்கையில் பித்தளைச் சக்கரம் தேடிப் போட்ட பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான், ஆனால் மார்கழி விடியலில் அது உறைந்து பற்களுக்கு இடையில் மெழுகு மாதிரி நிற்கும். தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. வளையத்தின் மேல் மட்டும் படக்கூடாது.

கொக்கி தானாகச் சுற்றுவது பலருக்கும் உள்ள தொல்லை. காரணம் முறுக்கு நூல். திருபுவனத்துப் பட்டு நூலைப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகு, ஆனால் சுமை ஏறியதும் முறுக்குப் பிரிந்து கொக்கி பம்பரமாகச் சுற்றியது. நாகப்பட்டினத்தில் வாங்கிய பின்னல் தூண்டில் நூல்தான் தீர்வு. பின்னலில் பிரிய முறுக்கே இல்லை.

திரும்ப வாங்குவேனா என்றால், கண்டிப்பாக. கோணித் துணியில் தைத்த குட்டி நெல் மூட்டையை அது மெல்ல இறக்கி வேகனில் வைக்கும் அந்த நொடிக்காகவே வாங்கலாம். கேபினைச் சுற்றும் மோட்டாரில், உள்ளே சுழலும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. மாற்று வந்ததும் அடுத்த ஐப்பசிக்குள் போட வேண்டும்.