சனிக்கிழமை கப்பல்: லேபா, கிளினிக்கா, வீட்டிலா, துறைமுகத்திலா?

உல்லாசக் கப்பல் சனிக்கிழமை மதியம் கிளம்புகிறது. இரண்டு நாளுக்குள் எடுத்த கோவிட் நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் ஏற விடமாட்டார்கள். விமான டிக்கெட், ஓட்டல், லீவு எல்லாம் மாதக்கணக்கில் முன்பே முடிந்தாகிவிட்டது. இத்தனையும் கடைசியில் மூக்கில் விடும் ஒரு குச்சியை நம்பி நிற்கிறது. 2021, 2022 இரண்டு வருடத்திலுமாகச் சேர்த்து மூன்று முறை நான் இந்த நிலையில் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வழியில் டெஸ்ட் எடுத்தேன். அதனால் எது எங்கே காலை வாரும் என்று சொல்ல முடியும்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி, கப்பல்களுக்காக வைத்திருந்த கோவிட் திட்டத்தை 2022 ஜூலை 18-ஆம் தேதி முடித்துக்கொண்டது. நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி அதே ஆண்டு அக்டோபர் 4 முதல் டெஸ்ட் கேட்பதையே விட்டுவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். ஆனால் டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். உடல்நலக் காரணம் சொல்லி யாரையும் ஏற்றாமல் விடும் உரிமையைக் கம்பெனிகள் தங்கள் கையிலேயே வைத்திருக்கின்றன. வேறொரு தொற்று கிளம்பினால் அதே விதி மறுபடி வந்து நிற்கும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்தது. அதைப் பார்த்த பிறகு கம்பெனிகள் பயப்படுவதைத் தப்பு சொல்ல முடியாது.

ஒப்பிடுவதற்கு முன் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம், நிறையப் பேர் வழுக்கியது இங்கேதான். 2021 செப்டம்பர் 13 முதல் சிடிசி வைத்த விதி, தடுப்பூசி போட்டவர்களுக்கு 'இரண்டு நாள்'. இது 48 மணி நேரம் இல்லை. சனிக்கிழமை ஏறுகிறவர் வியாழனோ வெள்ளியோ எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் செல்லும். ஆனால் '72 மணி நேரம்' என்று மணியில் விதி போட்ட இடங்களும் இருந்தன. அங்கே குச்சி மூக்கில் போன நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்தை யாரும் கேட்கமாட்டார்கள். கடல் தாண்டிப் பறந்து போய்க் கப்பல் பிடிப்பவர்களுக்கு விமானமும் நேர வித்தியாசமும் சேர்ந்து ஒரு நாளைத் தின்றுவிடும். விதி நாளிலா மணியிலா என்று தெரியாமல் எந்த டெஸ்ட்டுக்கும் பதிவு செய்யாதீர்கள்.

சரி, முதலில் லேபில் எடுக்கும் ஆர்டி-பிசிஆர். எல்லோருக்கும் இதன் மேல் மரியாதை. கப்பல் கம்பெனி, வழியில் உள்ள நாடுகள், விமானம் என்று எங்கே நீட்டினாலும் மறுக்கமாட்டார்கள். துல்லியத்திலும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானும் முதல் பயணத்துக்கு இதைத்தான் எடுத்தேன். வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஸ்வாப் கொடுத்தாயிற்று. '24 முதல் 48 மணி நேரத்தில் ரிசல்ட்' என்றார்கள். வெள்ளி இரவு துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் பெட்டியைக்கூடத் திறக்காமல், போனில் மெயிலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வந்தது. நெகட்டிவ். அப்பாடா என்று பார்த்தால் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தது. டெர்மினலில் என்னை மட்டும் ஓரமாக நிற்க வைத்து, மேலதிகாரி ஒருவர் வந்து பாஸ்போர்ட்டையும் ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் தலையாட்டினார். முக்கால் மணி நேரம். லேபில் ஃபார்ம் நிரப்பியதும் ஒரு முறை சரிபார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

தாமதத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பிசிஆரின் பெரிய சிக்கல் வேறு. அது வைரஸின் மரபணுத் துணுக்கைச் சுற்றுச் சுற்றாக இரட்டிப்பாக்கித் தேடும், அதுவும் 40 சுற்று வரை. உயிருள்ள வைரஸ், செத்த மிச்சம் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. கோவிட் வந்து போன ஒருவர் வாரக்கணக்கில், சிலர் மூன்று மாதம் வரைகூட, பாசிட்டிவ் காட்டலாம். உடம்பு நன்றாக இருக்கும், யாருக்கும் பரப்பப்போவதும் இல்லை, ஆனாலும் கப்பல் போய்விடும். அண்மையில் நோய் வந்து தேறியவர் பிசிஆர் பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி. அவர்களுக்காகவே 90 நாள் சலுகை இருந்தது. பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட்டும், குணமாகிவிட்டார் என்று டாக்டர் கொடுத்த கடிதமும் இருந்தால் டெஸ்ட்டே வேண்டாம். அந்தப் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கோபத்தில் அழித்துவிட்டுப் பிறகு தேடியவர்கள் உண்டு.

பிசிஆர் தப்பே செய்யாது என்றும் இல்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கப்பலிலேயே எடுத்த பிசிஆர் பாசிட்டிவ் என்று வந்தது. நான்கு நாள் பயணத்தைப் பாதியில் முடித்துக் கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கரையில் மறுபடி சோதித்தால் நெகட்டிவ்!

இரண்டாவது, மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ எடுக்கும் ரேப்பிட் ஆன்டிஜென், அதாவது வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட். கால் மணி நேரத்தில் ரிசல்ட். பெயர், பாஸ்போர்ட் எண், எடுத்த நேரம், கையெழுத்து எல்லாம் போட்ட தாள் கையோடு கிடைக்கும். தப்பு இருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்கிக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய சௌகரியம் எனக்குத் தெரியாது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். தொற்றின் முதல் ஒன்றிரண்டு நாளில் வைரஸ் அளவு குறைவாக இருக்கும்போது ஆன்டிஜென் கோட்டைவிடும். வியாழக்கிழமை நெகட்டிவ் காட்டியவர் சனிக்கிழமை பாசிட்டிவாக இருக்கலாம். அதனால்தான் கூடிய மட்டும் கடைசி நாளில், அதாவது வெள்ளிக்கிழமை எடுங்கள் என்கிறேன். ரிசல்ட் உடனே வருவதால் அது சாத்தியம். பிசிஆரில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. வெள்ளி காலை எடுத்த ஆன்டிஜென், வியாழன் காலை எடுத்த பிசிஆரைவிட ஏறும் நேரத்துக்கு ஒரு முழு நாள் கிட்டே இருக்கிறது. உடன் வரும் மூவாயிரம் பேரை நினைத்தால் அந்த ஒரு நாளுக்கு மதிப்பு உண்டு.

கிளினிக்கின் தொல்லை அப்பாயின்ட்மென்ட். 2022 ஜனவரியில் ஓமிக்ரான் அலை அடித்தபோது எங்கே பார்த்தாலும் காலி இடமே இல்லை. கப்பல் தேதி தெரிந்த அன்றே, பதிவு எப்போது திறக்கும் என்று பார்த்து வைத்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டிலோ ஓட்டலிலோ உட்கார்ந்தபடி, வீடியோவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நாமே எடுப்பது. அபாட் கம்பெனியின் பைனாக்ஸ்நவ் கிட்டையும் ஈமெட் என்ற வீடியோ சேவையையும் சேர்த்து விற்றார்கள். இரண்டாவது பயணத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அதைத்தான் எடுத்தோம். ஓட்டல் மேசையில் லேப்டாப். உறை பிரிக்காத பெட்டியைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னாள் ஒரு பெண். முன்கூட்டியே பிரித்துவிட்டால் அந்தக் கிட் செல்லாது. பிறகு அட்டையின் மேல் துளையில் ஆறு சொட்டு. ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஐந்து சுற்று. குச்சியைக் கீழ்த் துளை வழியாக மேலே தள்ளி, மூன்று தரம் வலப்பக்கம் திருப்பி, அட்டையை மூட வேண்டும். அந்தப் பெண் கண்டிப்பான குரலில், "இனி அட்டை கேமராவை விட்டு நகரக்கூடாது மேடம்" என்றாள். பதினைந்து நிமிஷம் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே கோடு. ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது.

அடுத்தது அவருடைய முறை. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு அழைப்பு. சேர்ந்து உட்கார்ந்தால் ஆகாது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஓட்டல் வைஃபை போய்விட்டது. மறுபடி இணைத்தபோது வேறொருவர் வந்து, இடையில் என்ன நடந்தது என்று தெரியாததால் இந்த அட்டை செல்லாது, புதிதாகத் தொடங்குங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களிடம் இன்னொரு கிட்டும் இருந்தது, பிழைத்தோம். ஆளுக்கு ஒன்று கூடுதலாக எடுத்துப்போவதும், போனின் சொந்த இணையத்தைத் தயாராக வைத்திருப்பதும் அன்று கற்றவை. கிட் 2 முதல் 30 டிகிரி வரைதான் தாங்கும். வெயிலில் நிற்கும் காரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பெட்டியின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

யாரும் பார்க்காமல் நாமே எடுக்கும் சாதா கிட்டை இதோடு குழப்பிக்கொண்டவர்கள் நிறைய. கிட் ஒன்றேதான், ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் யாருடைய மூக்கு என்று சொல்ல ஆளில்லை. 2022-இன் பிற்பகுதியில் சில கம்பெனிகள் அதையும் ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு அட்டையின் போட்டோவோடு டெர்மினலுக்கு வந்தவர்களைத் திருப்பித்தான் அனுப்பினார்கள்.

நான்காவது, துறைமுகத்திலேயே எடுப்பது. எம்எஸ்சி கிராண்டியோசா கப்பல் 2020 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியபோது எல்லாப் பயணிகளுக்கும் டெர்மினலிலேயே ஸ்வாப் எடுத்தார்கள். கம்பெனி கோணத்திலிருந்து இதுதான் உத்தமம், ஏறும் நிமிஷத்தின் நிலைமை தெரிந்துவிடும். நமக்கு ஆபத்து அதிகம். விமானத்தில் வந்து, ஓட்டலில் தங்கி, பெட்டியையும் ஒப்படைத்த பிறகு பாசிட்டிவ் என்றால் தெரியாத ஊரில் தனிமைப்படுத்தல். ஒரே கேபினில் இருப்பவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். கம்பெனியே கட்டாயமாக்கினால் வேறு வழியில்லை. தேர்வு நம் கையில் இருந்தால் இதை நம்பி வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள்.

இடையில் ஒன்று உண்டு. அபாட்டின் ஐடி நவ் போன்ற வேக மூலக்கூறு டெஸ்ட். நெகட்டிவ் என்று சொல்ல அந்த இயந்திரத்துக்கு 13 நிமிஷம் போதும். கிளினிக்குகளில் 'ரேப்பிட் பிசிஆர்' என்றே சொல்லி எடுத்தார்கள். உண்மையில் அது பிசிஆர் இல்லை, வேறு முறையில் மரபணுவைத் தேடுவது. பிசிஆர் என்ற சொல்லையே எதிர்பார்க்கும் நாட்டில் இந்த ரிப்போர்ட் மாட்டிக்கொள்ளும். கப்பலுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் செல்லுபடியானது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். வழியில் எந்த நாடும் பிசிஆர்தான் வேண்டும் என்று கேட்காத பயணத்துக்கு வீடியோ மேற்பார்வை டெஸ்ட், வெள்ளிக்கிழமை காலையில். வெள்ளி காலை எதாவது சொதப்பினாலும் மதியம் ஒரு கிளினிக்குக்கு ஓட நேரம் இருக்கும். வயதான பெற்றோரைக் கூட்டிப்போனால் அவர்களை லேப்டாப் முன் உட்கார வைத்துப் படுத்தாமல் கிளினிக்கில் எடுத்துவிடுவதே மேல். மூன்றாவது பயணத்தில் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தேன், அரை மணியில் முடிந்தது. பிசிஆர், விதி கேட்டால் மட்டும்.

அப்புறம், இந்த நாலிலும் சேராத இன்னொரு டெஸ்ட். அதே மூன்றாவது பயணத்துக்கு எங்களோடு வர இருந்த நாத்தனார், திங்கட்கிழமையே ஒரு சாதா கிட் எடுத்து, யாருக்கும் சொல்லாமல் குளியலறையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு கோடு. அன்று சாயந்திரமே கிளினிக்குக்குப் போய் முறையான பாசிட்டிவ் ரிப்போர்ட் வாங்கினாள். அட்டையின் போட்டோவை வைத்துக்கொண்டு கம்பெனியிடமோ இன்சூரன்ஸிலோ எதுவும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கப்பல் பணம் அடுத்த பயணத்துக்கு வரவாக வந்தது, விமானத்துக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது. அவள் தன் வீட்டிலேயே தன் கட்டிலில் படுத்து இருமினாள். நாங்கள் வெள்ளிக்கிழமை துறைமுக ஊரிலிருந்து பேசியபோது, "நீங்க ஆறு சொட்டு எண்ணியாச்சா?" என்று கேட்டாள்.