அரசு மருத்துவமனை மனநல ஓபி: ஏழு மாதம் போய்வந்த அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கதவுக்காக.

போன வருடம் ஐப்பசியில் நான் வந்த பேருந்து நின்றிருந்த லாரியில் மோதியது. எனக்குத் தோளில் நான்கு தையல், அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர் பிழைக்கவில்லை. தையல் பிரித்து மூன்று மாதம் ஆன பிறகும் ஏர்ஹாரன் கேட்டால் கை வியர்த்து நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிடுவேன், இரவு இரண்டு மணிக்கு டீசல் வாடையோடு விழிப்பு வரும். பயந்த கோளாறு என்று அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதை மறுக்கமாட்டேன். அன்று மட்டும்.

அப்புறம் ஒரு கவுன்சலிங் செயலி, பெயர் வேண்டாம். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். முதல் நாளே விபத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார்கள், பாதியில் நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது, அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

வழி காட்டியது 14416. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். எடுத்தவர் கதை கேட்கவில்லை. அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்லச் சொன்னார். சாமி படம், கொசு பேட் என்று எண்ணுவதற்குள் மூச்சு நிதானப்பட்டது. காலையில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

போனேன். சீட்டுக் கவுன்ட்டரில் நான் மெதுவாகச் சொன்னதை அங்கிருந்தவர் "சைக்கியாட்ரியா?" என்று வரிசைக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னது தனிக் கதை. உள்ளே டாக்டரம்மா பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அதற்குப் பெயர் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு என்றார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்றது கேலி இல்ல தம்பி, உங்களுக்கு நடக்கிறதே அதுதான்." செர்ட்ரலின் என்ற மாத்திரை எழுதினார். முதலில் வயிற்றைப் புரட்டும், குணம் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மூன்று முறை சொன்னார். புரட்டத்தான் செய்தது. ஆறாவது வாரம் ஒரு இரவு முழுசாகத் தூங்கினேன்.

நான்கு மதிப்பெண்ணில் பெரும்பங்கு உளவியலாளருக்கு. விபத்தைக் கிளறவில்லை, முதலில் ஒரு பட்டியல் போட்டோம். பேருந்து நிலைய டீக்கடையில் உட்காருவது எனக்கு நூற்றுக்கு 30 பயம், நிற்கும் பேருந்தில் ஏறி இறங்குவது 55, ஜன்னலோரமாக நெடுஞ்சாலைப் பயணம் 100. கீழிருந்து ஒவ்வொன்றாக, பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மூன்று வாரம் டீக்கடையிலேயே கழிந்தது, கடைக்காரர் என்னை டைம்கீப்பர் என்று நினைத்துவிட்டார். நான்காவது மாதம்தான் விபத்தைப் பேச ஆரம்பித்தோம். இப்போது பட்டியலில் 80 போட்ட படியில் நிற்கிறேன்.

இனி கதவு. டாக்டர் அறைக் கதவு மூடுவதே இல்லை, அடுத்த சீட்டுக்காரர் நம் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். அதோடு ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், மறுபடி முதலிலிருந்து. நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். உளவியலாளர் எங்கள் ஊரில் செவ்வாய் மட்டும்தான். எட்டு மணிக்குள் சீட்டு வாங்கிவிடுங்கள், மாத்திரை ஜன்னலை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.