பிபி, கால் வீக்க மாத்திரைக்குக் கொடுத்த 2,760 ரூபாயும் போச்சு, பொட்டாசியமும் ஏறிப்போச்சு

சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் போனிலேயே மருந்து வரவழைக்கிற எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் கால் வீக்கமும் சேர்ந்து இருந்து, நீர் பிரிவதற்கு ரெண்டு மருந்து கலந்த ஒரே மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தால் கட்டாயம் படியுங்கள். செயலியின் பேரைப் போடவில்லை. வீட்டு வாசலுக்கே மருந்து வரும் என்று விளம்பரம் செய்கிற வகை. 2,760 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சீட்டில் இல்லாத மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார்கள். அது தெரியவரும் முன்பே பெரியம்மா விழுங்க ஆரம்பித்தாயிற்று.

சீட்டில் எழுதியிருந்தது டோர்செமைடு 10 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. கலந்த மாத்திரை, காலையில் ஒன்று. கூடவே பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40. வந்து சேர்ந்ததோ டோர்செமைடு 10, ஸ்பைரோனோலாக்டோன் 50. அட்டையின் முன்பக்கம் பேருக்குப் பக்கத்தில் பெரிதாக "10" என்று மட்டும் போட்டிருக்கும். அந்தப் பத்து டோர்செமைடின் அளவு. மற்றது 25-ஆ, 50-ஆ என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஒரே "10"-க்குப் பின்னால் ரெண்டு அளவும் கடையில் கிடைக்கிறது. கண்ணாடி போட்டாலும் வயசானவர்களுக்கு அது தெரியாது.

"கூட இருந்தால் வீக்கம் இன்னும் நல்லா வடியும்தானே" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. டோர்செமைடு சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். விழுங்கி ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இழுக்கும். தள்ளும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஸ்பைரோனோலாக்டோன் அந்தப் பொட்டாசியத்தைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. அதன் முழு வேலை தெரிய சில நாள் ஆகும். ஒன்று தள்ள, ஒன்று பிடிக்க, நடுவில் ரத்தத்தில் பொட்டாசியம் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 3.5-க்கும் 5-க்கும் இடையில் நிற்க வேண்டும். டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துதான். அதனால்தான் டாக்டர் பார்த்து 25-ல் நிறுத்தினார். தள்ளுகிற பக்கம் அதே பத்து, பிடிக்கிற பக்கம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் தராசு ஒரு பக்கமாகச் சாயாமல் என்ன செய்யும்?

இன்னும் கேளுங்கள். ஆர்டரை உறுதி செய்யக் கூப்பிட்ட பெண் நம்ம ஊர்ப் பேச்சு. "அண்ணே, பெரியம்மாவுக்கு எத்தனை வயசு? கால் ரொம்ப வீங்குதா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கண்ணே" என்று அவ்வளவு அக்கறை. அந்தக் குரலில்தான் நம்பிக்கையே வந்தது. பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வரிசையில் நிற்கிற நேரத்தில், விசாரித்து அனுப்புகிறார்களே என்று தோன்றும்தானே. அதே மூச்சில், "பிபி பேஷண்டுக்குன்னே ஸ்பெஷல் உப்பு இருக்கு, சோடியம் கம்மி, எங்க டாக்டரே சிபாரிசு பண்றார்" என்று மூன்று பாக்கெட்டைச் சேர்த்துவிட்டாள். மூன்று மாத மாத்திரை, உப்பு, டெலிவரி எல்லாம் சேர்த்து 2,760. யூபிஐயில் அப்போதே வாங்கிக்கொண்டார்கள்.

அந்த உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு. சாதா உப்பில் உள்ள சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இதைக் கலக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம்தான். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஆளுக்கு இந்த உப்பு நல்லதாகவே இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இதைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் பொட்டாசியம் சரியாக வெளியேறாத நிலையில் உள்ளவர்களையும் அதிலிருந்து ஒதுக்கி வைத்தது. ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்ட்டனும் விழுங்குகிற அறுபது வயசுக்காரருக்கு அதை விற்பது என்ன தொழில்? சீட்டு அவர்கள் கையில்தான் இருந்தது. படித்துவிட்டுத்தான் விற்றார்கள்.

பெரியம்மாவுக்குக் கை கால் அசதி, படியேறினால் தொடை கனத்தது. வெயில் என்று எல்லாரும் சொன்னார்கள். ரத்தம் எடுத்தபோது பொட்டாசியம் 5.8. முந்தைய பரிசோதனையில் 4.4. டாக்டர் உடனே ஈசிஜி எடுத்தார், மாத்திரையையும் உப்பையும் நிறுத்தினார், திரும்ப ரத்தம் பார்த்தார். நேரத்துக்குப் பார்த்ததால் இறங்கியது. இது ஆறைத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பலருக்கு அதற்கு முன் எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் பயமே.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "காம்போசிஷன் ஒண்ணுதான் சார், கம்பெனிதான் வேற." அட்டைப் படத்தை அனுப்பி 25, 50 என்று வட்டம் போட்டுக் காட்டியதும், "எங்க டாக்டர் உங்ககிட்ட பேசி மாத்திக் கொடுத்திருக்கார்" என்றார்கள். யாரும் பேசவில்லை. பார்த்தால் பில்லோடு ஒரு புதுச் சீட்டு இணைத்திருக்கிறார்கள், முகம் தெரியாத ஒருவர் கையெழுத்தில், 50 என்று. கையில் 50 இருந்தது, அதற்கேற்ற சீட்டைத் தயார் செய்துகொண்டார்கள். அடுத்து, "புகார் பதிவாயிடுச்சு, 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. அப்புறம், "ஸ்ட்ரிப்பைப் பிரிச்சிட்டீங்க, மருந்து ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காத ஸ்ட்ரிப்புகளையாவது எடுங்கள் என்றால், "உணவுப் பொருளும் சேர்ந்த ஆர்டர் சார்." கடைசியில் அடுத்த ஆர்டருக்கு நூறு ரூபாய் கூப்பன். 2,760 ரூபாய்க்கு நூறு ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே திரும்ப வாங்கினால்! அக்கறையாகப் பேசிய அந்த நம்பர் இப்போது எடுப்பதே இல்லை.

சட்டம் தெரியாது என்று நினைக்கிறார்கள். ஸ்பைரோனோலாக்டோன் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து. ஷெட்யூல் எச் மருந்து எழுதிய சீட்டுக்குப் பதிலாக, அதே மருந்து அடங்கியதோ அடங்காததோ, வேறு தயாரிப்பு எதையும் விற்பவர் மாற்றித் தரக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதியே சொல்கிறது. கம்பெனியை மாற்றவே எழுதியவரைக் கேட்க வேண்டும். இவர்கள் அளவையே மாற்றிவிட்டு "ஒண்ணுதான் சார்" என்கிறார்கள்.

இந்த மாத்திரையைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமானது மட்டும் இப்போது.

சீட்டில் ரெண்டு எண் இருந்தால் அட்டையின் பின்பக்கம் அதே ரெண்டு எண் இருக்க வேண்டும். ஃபுரோசமைடு கலந்ததைக் கொடுத்து "இதுவும் நீர் மாத்திரைதான்" என்றால் வாங்காதீர்கள். ஃபுரோசமைடும் டோர்செமைடும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் இல்லை. ஃபுரோசமைடு 40 செய்வதை டோர்செமைடு 20 செய்துவிடும்.

காலையில் சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். ராத்திரி போட்டால் கழிவறைக்கு எழுந்து இருட்டில் விழுவார்கள். உட்கார்ந்து எழும்போது மெதுவாக.

பொட்டாசியம் உப்பு வேண்டாம். சாதா உப்பையே குறையுங்கள், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நம்ம பக்கம் நெத்திலிக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, தெரியும். ஆனால் மாத்திரை வெளியே தள்ளுகிற உப்பைக் கருவாடு திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடும். அசதி என்றால் உடனே இளநீர், பதநீர் என்று கொடுப்பதும் இந்த மாத்திரைக்காரர்களுக்கு ஆகாது, இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இந்த மாத்திரை, டெல்மிசார்ட்டன், வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கும். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் எழுதினாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

வாந்தி, பேதி, காய்ச்சல், வெயிலில் சுருண்டு சாப்பாடு இறங்காத நாள் என்றால் அன்றைக்கு விழுங்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். மற்றபடி வீக்கம் வடிந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொடங்கி ஒரு வாரத்தில், திரும்ப ஒரு மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அளவு மாறினாலும் முதலிலிருந்து. காலையில் சிறுநீர் கழித்த பிறகு ஒரே தராசில் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் சேர்கிறது. ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ஸ்பைரோனோலாக்டோனால் வரும், மாற்று மருந்து உண்டு. நெஞ்சு படபடப்பு, மயக்கம், தசை தளர்ச்சி என்றால் 108.

2,760 ரூபாய்க்காக நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தாயிற்று, மருந்து ஆய்வாளருக்கும் எழுதியாயிற்று. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி ரெண்டு பக்கமும் படம் எடுங்கள், பில்லையும் அவர்கள் தயார் செய்த சீட்டையும் சேர்த்து வையுங்கள், போனில் சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.