ஈஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர்: கோடு (பிழைக் குறியீடு) காட்டும், காரணம் நாம்தான் தேட வேண்டும்

காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் இந்தச் சிறு கருவியைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் போதும். கோடு போனில் வந்துவிடும். அதை உடனே அழிக்காதீர்கள். பிழை பதிவான நேரத்து ஆர்பிஎம், என்ஜின் வெப்பநிலை எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருக்கும். கோடோடு அதுவும் போய்விடும்.

இதன் உண்மையான பலம் ஓடும்போதே காட்டும் சென்சார் அளவுகள். பி0171 (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்ற கோடு) வந்ததுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு; பாவம், அது உள்ளதைத்தான் சொல்கிறது. ஃபியூயல் டிரிம் (காரின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் +20% இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் இன்டேக்கில் (என்ஜினுக்குள் காற்று போகும் வழியில்) எங்கோ காற்று கசிகிறது. மாறாக, வேகம் கூடக்கூட டிரிம்மும் ஏறினால் உள்ளே போகும் காற்றை அளக்கும், அழுக்கேறிய மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையோ தளர்ந்த பெட்ரோல் பம்பையோ சந்தேகியுங்கள்.

பி0135 போன்ற, ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட் கோடுகளில் இது கைவிரித்துவிடும். அங்கே மல்டிமீட்டர்தான்: முதலில் ஃபியூஸ், பிறகு கனெக்டரில் 12 வோல்ட், எர்த், கடைசியாக ஹீட்டரின் மின்தடை (ஓம்).

மலிவான போலிச் சிப்கள் சில கார்களோடு பேசவே பேசாது. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் பெரும்பாலான இலவச ஆப்கள் காட்டுவதில்லை. சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் உண்டு. வாரக்கணக்கில் செருகியே விட்டால் பேட்டரி இறங்கும்.