பாடி பட்டரா, லோஷனா, தேங்காயெண்ணெயா? மதுரையில் எது எப்போது கைகொடுக்கும்

முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தால் தோல் காய்ந்துகிடக்கிறது. மார்கழிப் பனியிலும் விழும், ஆடிக் காற்றிலும் விழும், நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருந்தாலும் விழும். உடனே ஒரு டப்பா பாடி பட்டர் வாங்கி, காய்ந்த காலிலேயே அப்பிக்கொள்கிறார்கள். பிசுபிசுப்பு வந்து சேர்கிறது, வறட்சி போவதில்லை. குறை பட்டரில் இல்லை, தடவிய நேரத்தில் இருக்கிறது.

ஷியா, கோகோ, கோகம் எல்லாமே கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு. அசல் பட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது ஈரம் தராது; இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மேலே மூடி போடும். அதனால் குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள் தடவவேண்டும். ஒரு முழங்காலுக்குக் கீழே சுண்டைக்காய் அளவு போதும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, எண்ணெயாக இளகிய பிறகு காலில் வையுங்கள். கட்டியாக வைத்து இழுத்தால் ஓரிடத்தில் திட்டாக நிற்கும், மற்ற இடத்துக்குப் போகாது.

லோஷன் வேறு ரகம். அதில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், கொஞ்சம் எண்ணெய். சீக்கிரம் உறிஞ்சும், சட்டையில் ஒட்டாது. ஆனால் மூடி மெல்லியது, சில மணி நேரத்தில் மறுபடி தடவவேண்டிவரும். வாங்கும்போது கவனியுங்கள்: பட்டர் என்று பெயர் போட்ட டப்பாவிலும் சேர்மானப் பட்டியலில் முதல் சொல் ‘அக்வா’ (தண்ணீர்) என்றிருந்தால், அது கெட்டியான கிரீம்தான். அதற்காக ஒதுக்கவேண்டாம். மதுரை வெயிலுக்கு அசல் பட்டரைவிட அதுவே தோது.

தேங்காயெண்ணெயைக் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. மிதமான வறட்சிக்கு அது மினரல் ஆயிலுக்கு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) ஈடாக வேலை செய்ததாக 2004-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு காட்டியது. செக்கில் ஆட்டியது என்றால் ஈரத்தோலில் ஒரு தேக்கரண்டி, இரண்டு காலுக்கும் தாராளம். முதுகில் பரு வருகிறவர்கள் முதுகையும் முகத்தையும் விட்டுவிடுங்கள். நல்லெண்ணெய்க் குளியல் இதற்கு மாற்று ஆகாது. தேய்த்த எண்ணெயில் பெரும்பங்கைச் சீயக்காய் எடுத்துவிடும். குளித்த பிறகு சில சொட்டு தடவினால்தான் பலன் நிற்கும். மூடி போடுவதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது வாசலின்தான். விலையும் குறைவு, வெயிலில் பட்டர் போல ஓடுவதும் இல்லை. ஆனால் தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டும். குதிகால், முழங்கை, உதடு என்று இரவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பட்டருக்கு இங்கே பெரிய சோதனை சித்திரைதான். ஷியா 35 டிகிரியை ஒட்டி உருகும். வெளியே 40 அடிக்கும்போது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் டப்பாவைத் திறந்தால் எண்ணெய்தான் இருக்கும். இரவில் மெதுவாக ஆறும்போது கெட்டிக் கொழுப்பு முதலில் உறைந்து தனியாகத் திரளும். அதுதான் விரலில் ரவை ரவையாக நெருடுவது. கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, டப்பாவை அதில் நிறுத்தி, ஒரு ரவை கூட மிஞ்சாமல் முழுக்க உருக்கி, உடனே ஃப்ரீசரில் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். வேகமாக ஆறினால் வழுவழுப்பாக உறையும். காறல் வாடை அடித்தால் மட்டும் கொட்டிவிடவேண்டியதுதான். ஈர விரலை உள்ளே விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த கரண்டியால் எடுங்கள்.

வீட்டில் செய்வதானால் மதுரைக்குத் தாங்கும் கணக்கு, 100 கிராமுக்கு: ஷியா 50, கோகம் 25, தேங்காயெண்ணெய் 20, தேன்மெழுகு 5. மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதையும் கோகத்தையும் முதலில் உருக்கி, பிறகு ஷியா, கடைசியில் எண்ணெய். கோகம் 40 டிகிரியை ஒட்டி உருகுவதால் அதுதான் இதற்கு முதுகெலும்பு. பனிக்காலத்தில் ஆறி வெளுத்து வரும்போது 5 நிமிடம் அடித்தால் நுரைத்து மெத்தென்று வரும். கோடையில் அடிக்காதீர்கள், நுரை அமுங்கிவிடும். அச்சில் ஊற்றிக் கட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர், கற்றாழை எதுவும் சேர்க்கக்கூடாது. தண்ணீர் சேர்ந்தால் சில நாளில் கெடும். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் வேண்டாம், அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும்.

மதுரைக்கு என்று கேட்டால், முழு உடம்புக்கும் பட்டர் தேவையே இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை லோஷன். பட்டர் குதிகாலுக்கும் முழங்கைக்கும் மட்டும். கழுத்திலும் மார்பிலும் தடவினால் வேர்க்குரு அதிகமாகும். மார்கழி, தையில் ஈரத்தோலில் லோஷன், அதன்மேல் கெண்டைக்காலுக்குப் பட்டர். எதைத் தடவினாலும் போர் தண்ணி உப்பாக இருந்தால் சோப்பு அதோடு சேர்ந்து திரைந்து தோலில் படியும். கை கால் முழுக்கத் தேய்க்காமல், அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று அளவாகப் போடுங்கள்.

பித்தவெடிப்புக்குப் பட்டர் மட்டும் போதாது, தடித்த தோலை அது கரைக்காது. 10 முதல் 20 சதவீத யூரியா கிரீம் இரவில் தடவி, மேலே பட்டர் பூசி, பருத்திக் காலுறை போடுங்கள். ரத்தம் வரும் வெடிப்பில் யூரியா எரியும், ஆறிய பிறகு தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பிளேடால் சீவவே கூடாது, மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பட்டர் தடவிவிட்டு, சுங்குடிச் சேலை கட்டுவதற்குமுன் 10 நிமிடம் விடுங்கள். கறை பட்டுவிட்டால் தண்ணீர் படுமுன் முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் வைத்துத் தட்டிவிட்டு அலசுங்கள்.