டியூஷனா, கைப்பேசிப் பதிவா?

அக்காள் மகள் வாரம் இரண்டு மாலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆங்கில டியூஷன் போகிறாள்; மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஆங்கிலத்துக்குப் பேச்சுத் தேர்வும் உண்டே. அவள் தம்பியோ வீட்டிலேயே செய்தி வாசிப்பைக் கேட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, தன் குரலைக் கைப்பேசியில் பதிந்து ஒப்பிடுகிறான்.

இலக்கணத்துக்கும் கட்டுரைக்கும் டியூஷன்தான். உச்சரிப்பில் கதை வேறு. முப்பது பேர் வகுப்பில் ஒருத்திக்கு வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்?

தம்பிக்கு நாள்தோறும் பேச்சு. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபட்டாக்ரஃபி' என்னும்போது அது இரண்டாம் அசைக்குத் தாவ, முதல் உயிர் மங்கிவிடுகிறது. நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். தன் பதிவை மூன்று முறை கேட்ட பிறகே அவனுக்கு இது பிடிபட்டது.

ஆனால் காது ஏமாற்றும் இடமும் உண்டு. உள்சட்டைக்கும் மேற்குத் திசைக்கும் ஆங்கிலத்தில் தொடக்க ஒலி வேறு. தமிழில் இரண்டுமே 'வெஸ்ட்'. அவன் காதிலும் ஒன்றாகவே விழுந்தன. ஆசிரியை மேற்பல்லைக் கீழுதட்டில் பதித்துக் காட்டியதும் அவன் அக்காவுக்கு ஒரே மாலையில் வந்துவிட்டது. அவள்தான் தம்பியைக் கண்ணாடி முன் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

'கண்ணால் கற்பவள், காதால் கற்பவன்' என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லர் குழுவினர் 2008இல் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்றில்லை என்றே எழுதினார்கள். இங்கே வேறுபாடு கூச்சத்தில்தான்: அவளுக்கு ஆள் வேண்டும், அவனுக்குக் கதவு சாத்திய அறை வேண்டும்.

கையில் பணம் குறைவென்றால் டியூஷனை ஒரு மாலையாக்கிவிட்டு, மிச்ச நாட்களுக்குப் பதிவைப் பிடித்துக்கொள்ளலாம்.