ஆம்பூர் ஷூ கடலில் மாட்டினால்: ஹேக்-விஸ்பியா, ராட்டர்டாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வடஆர்க்காட்டுத் தோல் ஊர்கள் எதிலும் கடல் இல்லை. ஆனால் இங்கே தைக்கிற ஷூ கப்பலேறித்தான் ஐரோப்பா போகிறது. வழியில் சரக்கு நனைந்தாலோ எரிந்தாலோ யார் எவ்வளவு தருவது?

சரக்கு கெட்டால் கப்பல் கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு என்று சொல்பவைதான் ஹேக்-விஸ்பி, ராட்டர்டாம் என்ற சர்வதேச விதிகள். நம் நாடு ஹேக்-விஸ்பி வழியில் நிற்கிறது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2025இல் புதுச் சட்டம் வந்தும் அடிப்படை அதேதான்: ஒரு பொதிக்கு (பேக்கேஜ்) அதிகபட்சம் 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2, எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2008இல் ஐ.நா. ஏற்ற ராட்டர்டாம் விதிகளில் இது 875, கிலோவுக்கு 3. நடுவில் வந்த 1978ஆம் ஆண்டு ஹாம்பர்க் விதிகளில் பெரிய கப்பல் நாடுகள் சேரவில்லை, அதை விட்டுவிடலாம்.

இந்த வித்தியாசத்தைவிடப் பெரியது பி.எல்.லில், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில் (பில் ஆஃப் லேடிங்), எழுதும் ஒரு வரி. 600 கார்ட்டன், 8 டன் எடை என்று வையுங்கள். ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதினால் ஹேக்-விஸ்பியில் உச்சவரம்பு 16,000 எஸ்.டி.ஆர்., ராட்டர்டாமில் 24,000. ‘600 கார்ட்டன்’ என்று எழுதினால் ஒவ்வொரு கார்ட்டனும் ஒரு பொதி; ஹேக்-விஸ்பியிலேயே 4 லட்சம். ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்ட்) அனுப்பும் பி.எல். டிராஃப்டில் அந்த வரியை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள்.

ராட்டர்டாம் ஜெயிப்பது வேறு இடத்தில். மாலுமி தவறாகச் செலுத்திக் கப்பல் மோதினால், ஹேக்-விஸ்பியில் கப்பல் கம்பெனி தப்பித்துக்கொள்ளும்; ராட்டர்டாமில் முடியாது. ஹேக்-விஸ்பி ஏற்றுவது முதல் இறக்குவது வரைதான். ராட்டர்டாமோ, கம்பெனி ஆம்பூரிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டால் அங்கிருந்தே பொறுப்பாக்கும். லாரியிலேயே பாதி கவலைப்படுகிற நமக்கு இது பெரிய விஷயம். வழக்குப் போட ஓர் ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டு.

ஆனால் ‘வால்யூம் கான்ட்ராக்ட்’ (குறிப்பிட்ட அளவு சரக்கைப் பல தடவையாக அனுப்பும் ஒப்பந்தம்) என்ற பெயரில் இந்தப் பாதுகாப்புகளில் பலவற்றை ஒப்பந்தத்திலேயே கழற்றிவிடலாம். சின்ன கம்பெனிகளை நினைத்தால் எனக்கு அதுதான் பயம். அதோடு, ராட்டர்டாம் அமலாக 20 நாடுகள் வேண்டும்; இன்னும் சேரவில்லை.

அப்புறம் அடைக்கலம், அதாவது ஆபத்தில் மாட்டிய கப்பலுக்குக் கரையில் இடம் தருவது. 2002இல் எண்ணெய் கசிந்த பிரெஸ்டீஜ் கப்பலை ஸ்பெயின் கரையிலிருந்து தள்ளி அனுப்பியது. நடுக்கடலில் அது இரண்டாக உடைந்தது. அதன் பிறகு 2003இல் சர்வதேச கடல்சார் அமைப்பு தந்த வழிகாட்டுதல் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சி.எம்.ஐ. என்ற கடல்சட்ட வல்லுநர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வரைவோ, நியாயமான காரணமில்லாமல் இடம் மறுக்கும் நாட்டைப் பொறுப்பாக்குகிறது. நான் வரைவின் பக்கம். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிந்த கன்டெய்னரை கத்தாரின் ஹமாத் துறைமுகமும் நம் குஜராத்தின் ஹசீராவும் இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்பு அருகே கப்பலே எரிந்து மூழ்கியது.

இடம் கிடைத்தாலும் செலவு உண்டு. அடைக்கலத் துறைமுகச் செலவு ‘ஜெனரல் ஆவரேஜ்’ ஆக, அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்றிய செலவை எல்லோரும் பங்கிடும் முறையில், சரக்குக்காரர்கள் மீதும் பிரியும். ஒரு கீறலும் படாத ஷூவுக்கும் பங்கைத் தருவதாகப் பாண்டு கையெழுத்திட்டு உத்தரவாதம் தந்தால்தான் கன்டெய்னரை விடுவார்கள். மரைன் இன்சூரன்ஸ் எடுக்காதவர் அதை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும்.